ஐங்கோணக் கோட்டையும் எங்கள் வீட்டு விறாந்தையும்

யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டை என்பது போகிற இடமல்ல, கடந்து செல்கிற இடம். தீவுப்பகுதிக்குப் போகும் பஸ்கள் அதன் ஓரமாகத்தான் திரும்புகின்றன. மாலையில் பண்ணைப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து உட்காருவார்கள். நான் புத்தளத்தில் பிறந்து ஐந்து வயதில் பெற்றோருடன் சோனகதெருவுக்கு வந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கோட்டைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருடங்களில் ஒரு தடவைகூட நான் அதன் உள்ளே போனதில்லை.

கடந்த டிசம்பர் விடுமுறையில்தான் போனேன். அதற்குக் காரணம் ஜேர்மனியிலுள்ள ஓர் ஊர் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

எங்கள் பக்கத்து வீட்டு அன்ரியின் தங்கை ஜேர்மனியிலிருந்து வந்திருந்தார். தாம் சுற்றுலா சென்ற ஊரொன்றின் படங்களைத் தொலைபேசியில் எங்களுக்குக் காட்டினார். அந்த ஊரின் பெயர் கேர்லிட்ஸ். ஜேர்மனியின் கிழக்கு எல்லையில், நைசே என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போலந்து. ஒரு தெரு முழுவதும் முந்நூறு, நானூறு வருடத்து வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஓடுகூடக் கலையவில்லை. படங்களைக் காட்டி முடித்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்:

"அதுவும் சண்டை நடந்த நாடுதானே பிள்ளை. அங்க எல்லாத்தையும் இப்பிடி வைச்சிருக்கினம். இஞ்ச ஏன் ஒண்டையும் வைச்சிருக்கேல்ல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கிழமைதான் எங்கள் வாப்பா, வீட்டின் பழைய முன்விறாந்தையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு மேசன் பாஸிடம் கணக்குக் கேட்டிருந்தார். "ஏன் வைச்சிருக்கேல்ல" என்ற கேள்வி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதுபோல் இருந்தது. உயர்தரத்தில் வரலாறு படிக்கும் மாணவி என்ற வகையில், அதற்கு ஒழுங்கான ஒரு பதிலைத் தேடவேண்டும் என்று நினைத்தேன். அப்படித் தேடியபோது அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கோட்டைக்குப் போவோம். என்னுடன் உம்மும்மாவும் தம்பியும் வந்தார்கள். உம்மும்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும், "நான் சின்ன வயசில மதிலத்தான் பாத்திருக்கிறன், உள்ளுக்குப் போனதில்ல. நானும் வாறன்" என்று அபாயாவை மாட்டிக்கொண்டு முதலில் ஓட்டோவில் ஏறியவர் அவர்தான்.

கோட்டையை முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய பிலிப் டி ஒலிவேரா, நல்லூரை விட்டுவிட்டுக் கடலோரத்தில் தன் அதிகாரத்தை நிலைநிறுத்தினான். காரணம் எளிது: கப்பல்களில் வந்தவர்களுக்குக் கடல்தான் பின்கதவு. அவர்கள் கட்டியது நாற்கோண வடிவமான கோட்டை. 1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்த முற்றுகைக்குப் பின்னர் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தார்கள். பிடித்ததோடு நிற்காமல் அதனை இடித்து, ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். உட்கோட்டை வேலை 1680இல் முடிந்தது. அந்த ஆண்டை வாயிலின் மேல் பொறித்திருக்கிறார்கள். வெளிப்புற அரண்கள் முடிவதற்கு 1792 வரை சென்றது. அடுத்த மூன்றாவது வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்தபோது ஒல்லாந்தர் சண்டையே செய்யாமல் கோட்டையை ஒப்படைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டிய கோட்டை, கட்டியவர்களுக்கு ஒருநாள்கூட உதவவில்லை. இதை நான் சொன்னபோது உம்மும்மா, "வீடு கட்டுறவன் ஒருத்தன், குடியிருக்கிறவன் வேறொருத்தன்" என்று பெருமூச்சு விட்டார்.

ஏன் ஐங்கோணம்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் எனக்குக் கோட்டை பிடித்துப்போனது. பழைய கோட்டைகளில் மூலைகளில் வட்டமான கோபுரங்கள் இருக்கும். வட்டக் கோபுரத்தின் அடியில் எதிரி வந்து ஒட்டிக்கொண்டால், பக்கத்துச் சுவரில் நிற்பவனின் பார்வை அந்த வளைவில் தடைப்படும். எதிரி அங்கே நின்றபடி சுவரைத் தோண்டலாம். இந்தக் குறையைப் போக்குவதற்காகவே ஐரோப்பியர் மூலைகளில் அம்புமுனை வடிவில் கொத்தளங்களை அமைத்தார்கள். அம்புமுனையின் பக்கங்கள் நேர்கோடுகள். ஆகவே ஒரு கொத்தளத்தில் பீரங்கியுடன் நிற்பவன், அடுத்த கொத்தளத்தின் அடியை நேராகப் பார்க்கலாம். அவனுடைய அடியை மற்றவன் பார்த்துக்கொள்வான். எவனும் தன்னைத் தானே காப்பதில்லை, பக்கத்திலிருப்பவனே அவனைக் காக்கிறான். ஒழுங்கான ஐங்கோணியின் உட்கோணம் 108 பாகை. செங்கோணத்தைவிட விரிந்த கோணமாதலால் கொத்தளங்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. தம்பி ஒரு கொத்தளத்தின் ஓரத்தில் நின்று கையை நீட்டி அடுத்ததைக் குறிபார்த்தான். எதிரி ஒளிவதற்கு உண்மையாகவே இடமில்லை.

அந்தக் கொத்தளங்களுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள்: ஹொல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட், கெல்டர்லாந்து, ஃப்ரீஸ்லாந்து. ஊரைவிட்டுத் தூரம் வந்தவர்கள் ஊர்ப் பெயரைத்தான் முதலில் வைப்பார்கள் போலும்.

மதில் முழுவதும் கல்லென்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. உள்ளே ஒரு கற்சுவர், வெளியே ஒரு கற்சுவர், நடுவில் மண் நிரப்பியிருக்கிறார்கள். பீரங்கிக் குண்டு வெறும் கல்லில் பட்டால் கல் சிதறும். மண் குண்டை விழுங்கிவிடும். மேலே நடந்து செல்லுமளவுக்கு அது அகலமானது. 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்க்க வந்த லெனாட் வூல்ப், பிற்காலத்தில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற எழுத்தாளரானவர், இந்த மதிலின் மேல் இருந்த ஒரு பங்களாவில்தான் குடியிருந்தார். அவ்வளவு அகலம்.

கல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அது முருகைக்கல். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை, கருங்கல் இல்லை. இருப்பது சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும்தான். முருகைக்கல்லை வெட்டுவது சுலபம், அதையே சுட்டால் சுண்ணாம்பு, அந்தச் சுண்ணாம்பே சாந்து. சுவரும் சாந்தும் ஒரே பொருளிலிருந்து வருகின்றன. சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சிறிய சிறிய துளைகள், பூ இதழ் போன்ற கோடுகள், சில இடங்களில் சிப்பிகளும் தெரியும். உம்மும்மா ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்கட வீட்டுக் கல்தானே" என்றார். இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

இன்று கடலில் முருகைக்கல் அகழ்வது சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பவளப்பாறை போனால் கரையும் போகும், மீனும் போகும் என்பதால் அந்தத் தடை மிகவும் நியாயமானது. ஆனால் அதனால், பழைய கட்டடமொன்று இடிந்தால் அதே கல்லைப் புதிதாக வாங்கித் திருத்த வழியில்லை. இடிபாட்டுக் குவியலில் கிடக்கும் கல்லே மூலதனம். 2010இல் தொல்பொருள் திணைக்களம் நெதர்லாந்தின் உதவியுடன் கோட்டையைப் புனரமைக்கத் தொடங்கியது. மதில்களில் புதிதாக அடுக்கிய பகுதியையும் பழைய பகுதியையும் நிறத்தை வைத்துப் பிரித்தறியலாம்.

கோட்டைக்குள் நடந்த அகழ்வாய்வுகள் பற்றி வாசித்தபோது எனக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டானது. போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் மனிதர் வாழ்ந்து வணிகம் செய்திருக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த மட்பாண்டத் துண்டுகள், சீனப் பீங்கான், மேற்காசிய முஸ்லிம் நாடுகளின் மெருகிட்ட பாண்டங்கள் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த அரசர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டார் என்றும் அவரிடம் சிறந்த முத்துகள் இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாண அரசர் ஒருவருக்குப் பாரசீகம் எப்படித் தெரிந்தது? கடல் வழியாக வந்தவர்களோடு பேசிப் பழகித்தான். நாங்கள் இந்த ஊருக்கு நேற்று வந்தவர்களல்லர் என்பதற்கு நான் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்தச் சட்டித் துண்டுகளே போதும்.

இனிச் சந்தோசமில்லாத பகுதி. கோட்டைக்கு நடுவில் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. நான்கு கைகளும் சம நீளமான சிலுவை வடிவில் கட்டப்பட்டது. அதன் பழைய படங்கள் நூல்களில் இருக்கின்றன. இப்போது அங்கே நிற்பது சில சுவர்த்துண்டுகளும் கற்குவியலும். 1990 ஜூன் மாதத்தில் தொடங்கிய முற்றுகையின்போது கோட்டைக்குள் இராணுவம், வெளியே விடுதலைப் புலிகள். எங்கள் நகரத்தின் நடுவிலேயே ஓர் எல்லை விழுந்தது. 107 நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 26ஆம் திகதி, இராணுவம் கோட்டையைவிட்டு வெளியேறியது. 1995 டிசம்பரில் மறுபடியும் கை மாறியது. முந்நூறு வருடமாக நின்ற தேவாலயம் அந்த ஆண்டுகளில் போய்விட்டது.

அந்தக் கற்குவியலின் முன்னால் உம்மும்மா சற்று நேரம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு விரலை மடித்து எண்ணினார். கோட்டை விழுந்த 34ஆம் நாள், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, சோனகதெருவுக்கு அறிவித்தல் வந்தது. ஆயுதம் தாங்கி வந்தவர்கள், எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். அங்கே, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். அந்த ஒக்டோபரில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். உம்மும்மா அன்று காலை விறாந்தையில் வைத்திருந்த தண்ணீர்ப் பானையை நிரப்பிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனாராம். தெருவால் போகிறவர்கள் குடிப்பதற்கென்று அவர் வாப்பா காலத்திலிருந்து அந்தப் பானை அங்கே இருந்தது. "திரும்பி வந்து சமைப்பம் எண்டுதான் நினைச்சன்" என்றார். புத்தளத்தில் அவர் சமைத்தது 23 வருடம்.

சமாதான காலத்தில், 2002இல் பாதை திறந்தபோது, முதன்முதலாக வந்து பார்த்திருக்கிறார்கள். கூரை இல்லை. கதவு, ஜன்னல், பனைமரச் சலாகைகள், ஓடு ஒன்றுமில்லை. வீட்டுக்குள் வேப்பமரம் நின்றதாம். எங்கள் தெருவில் அநேகமான வீடுகளின் கதை இதுதான். குண்டு விழுந்து இடிந்த வீடுகளைவிட, ஆளில்லாததால் இடிந்த வீடுகளே அதிகம். ஓடு இரண்டு விலகினால் மழைநீர் இறங்கும். சுண்ணாம்புச் சாந்து கரையும். வெடிப்பில் ஆலோ வேம்போ முளைக்கும். வேர் சுவரைப் பிளக்கும். ஒரு வீட்டில் யாராவது குடியிருந்தால், மழைக்கு முன்னர் ஏணி வைத்து ஏறி அந்த இரண்டு ஓட்டையும் சரிசெய்துவிடுவார்கள். கட்டடப் பாதுகாப்பு என்பதைப் பெரிய நிபுணத்துவம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதி, வருடத்துக்கொரு தடவை ஏணி வைப்பதுதான்.

இப்போது கேர்லிட்ஸுக்கு வருவோம். அன்ரியின் தங்கை காட்டிய படங்கள் மனதை விட்டுப் போகாததால், நூலகத்திலும் இணையத்திலும் அந்த ஊரைப் பற்றி வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் பெரிய நகரங்கள் தரைமட்டமானபோது கேர்லிட்ஸ் பெரிய சேதமின்றித் தப்பியது. பாலங்கள் மட்டும் போரின் கடைசி நாட்களில் தகர்க்கப்பட்டன. 1945இல் நைசே ஆறு எல்லையானது. ஒரே ஊரின் கிழக்குப் பாதி போலந்துக்குப் போய்விட்டது. அந்தப் பாதியில் இருந்த ஜேர்மனியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய இடத்தில் குடியேறிய போலந்துக்காரர்களில் பலரும், வேறிடங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களே. படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்த ஊர்!

அத்தோடு, அங்கேயும் வீடுகள் தாமாக நிற்கவில்லை. கிழக்கு ஜேர்மனி ஆட்சிக் காலத்தில் பழைய வீடுகள் கவனிப்பாரின்றி உக்கிக்கொண்டிருந்தன. 1990இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றான பின்னர்தான் திருத்தும் வேலைகள் மும்முரமாக நடந்தன. 1995 தொடக்கம் 2016 வரை, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பழைய நகரத்தைத் திருத்துவதற்காக வருடந்தோறும் பத்து இலட்சம் ஜேர்மன் மார்க் கொடுத்துவந்தார். யூரோ வந்த பிறகும் அதற்குச் சமமான தொகை வந்தது. அவர் யார் என்று தேடக்கூடாது என்பதே நிபந்தனை. வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுக்கும் ஸதகா என்று எங்களுக்குச் சிறு வயதிலேயே கற்பிப்பார்கள் அல்லவா? அதுதான் நினைவுக்கு வந்தது. இன்று அந்த ஊரில் பட்டியலிடப்பட்ட பழைய கட்டடங்கள் ஏறத்தாழ 4,000. ஆனால் அதே காலத்தில் இளைஞர்கள் வேலை தேடி மேற்குப் பக்கம் போய்விட்டார்கள். அழகாகத் திருத்திய வீடுகள் பல வருடங்கள் காலியாகக் கிடந்தன. பழங்காலத் தெரு வேண்டுமென்றால் சினிமாக்காரர்கள் அங்கே போய்ப் படமெடுக்கிறார்கள்.

என்னை அதிகம் பாதித்தது அங்கேயுள்ள யூதர்களின் தொழுகைக்கூடம். 1911இல் கட்டியது. 1938 நவம்பரில் ஜேர்மனி முழுவதும் யூதர்களின் வழிபாட்டிடங்களுக்கு ஒரே இரவில் தீ வைத்தார்கள். கேர்லிட்ஸிலும் வைத்தார்கள். ஆனால் அந்த ஊரின் தீயணைப்புப் படையினர் தண்ணீர் அடித்து அணைத்துவிட்டார்கள். கட்டடம் தப்பியது. அதிலே தொழுத மக்கள் தப்பவில்லை. சிலர் நாட்டைவிட்டு ஓடினார்கள், மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள். பல வருடத் திருத்த வேலைக்குப் பிறகு 2021இல் அது கலாசார மண்டபமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் இருக்கிறது, தொழுத சமூகம் இல்லை. எங்கள் தெருவிலோ கட்டடங்கள் போய்விட்டன. ஆனால் அல்ஹம்துலில்லாஹ், பள்ளிவாசல்களில் மறுபடியும் பாங்கு கேட்கிறது. எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் சொற்பம். ஆனாலும் ஐந்துசந்தியில் மாலையில் சனம் நிற்கிறது. அன்ரியின் தங்கை என்னிடம் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது.

கட்டடமும் ஆளும் சேர்ந்தே நின்ற இடம் எங்கள் நாட்டில் இல்லையா என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது: காலிக் கோட்டை. எனது சாச்சி காலிக்கு வாழ்க்கைப்பட்டவர். அவருடைய வீட்டுக்குப் போனபோது ஒருநாள் கோட்டைக்குள் நடந்தோம். அதுவும் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டைதான். ஆனால் அங்கே மதிலுக்குள் ஒரு முழு ஊரே இருக்கிறது. தெருக்கள், விறாந்தை வைத்த வீடுகள், நீதிமன்றம், தேவாலயம், விகாரை. வெளிச்சவீட்டுக்கு எதிரில் வெள்ளைவெளேரென்று மீரான் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயமோ என்று மயங்குவோம். அதனைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2004 ஆழிப்பேரலையின்போது காலி நகரம் அழிந்தது. மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். ஆனால் அங்கேயும் வேறொரு வகை வெளியேற்றம் நடக்கிறது. வெளிநாட்டவர்களும் பணக்காரர்களும் நல்ல விலைக்குப் பழைய வீடுகளை வாங்கி ஹோட்டலாக்குகிறார்கள். யாரும் யாரையும் துரத்தவில்லை. விலைதான் துரத்துகிறது. பாதுகாக்கப்பட்ட வீட்டில் குடியிருந்தால் ஜன்னலை மாற்றவும் அனுமதி கேட்கவேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பதிலாக விற்றுவிடுவது இலாபம் என்று சாச்சியின் மாமனார் சொன்னார்.

எது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று யார் தீர்மானிப்பது? இதனைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது. எங்கள் நாட்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அதில் ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். அந்தத் திகதிக்கு முந்திய கட்டடம் என்றால் அது தொல்பொருள். அதற்குப் பிந்தியதென்றால், தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. யாழ்ப்பாணக் கோட்டை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் வீடு இந்தப் பக்கம். உம்மும்மாவின் வாப்பா அதனைக் கட்டிய ஆண்டு முன்சுவரின் முகப்பில் சுண்ணாம்பில் எழுதப்பட்டிருக்கிறது: மேலே 786, கீழே 1938. கோட்டையில் உம்மும்மா தடவிப் பார்த்த அதே முருகைக்கல், அதே சுண்ணாம்புச் சாந்து. கல் ஒன்று, திகதி வேறு.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எல்லா வீட்டையும் தொல்பொருள் என்றால் மனிதர் எங்கே குடியிருப்பது? வாப்பாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மீண்டு வந்தபோது அவசரத்துக்குப் போட்ட தகரக் கூரை மாரியில் ஒழுகுகிறது. தாத்தாவுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். பழைய சுவரின்மேல் சிலாப் போட்டால் தாங்காது என்று பாஸ் சொல்கிறார். "நாங்க நூதனசாலையில குடியிருக்க ஏலுமா மகள்?" என்று வாப்பா கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. 23 வருடம் கொட்டிலிலும் வாடகை வீட்டிலும் இருந்த மனிதர் ஒழுகாத கூரையொன்றை விரும்புவது குற்றமா?

ஆனால் இடிப்பதற்கு முன்னால் அளந்து வைக்கலாம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. செலவு ஒரு சீ.ஆர். கொப்பியும் ஓர் அளவு நாடாவும். பழைய வீடுள்ள தோழிகள் செய்து பார்ப்பதற்காக, நான் செய்ததைச் சொல்கிறேன். நாடாவைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். முதலில் கண்ணால் பார்த்துத் தரைப்படத்தைக் கீறிக்கொள்ளுங்கள். பிறகு அளவுகளை எழுதுங்கள். அளந்துகொண்டே கீறினால் படம் தாளுக்கு வெளியே போய்விடும், எனக்கு இரண்டு தடவை போனது. அறையின் நீள அகலத்தோடு மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்கவேண்டும். இரண்டு குறுக்களவும் சமமில்லையென்றால் அறை சதுரமில்லை என்று அர்த்தம், பழைய வீடுகளில் அநேகமாக அப்படித்தான் இருக்கும். சுவரின் தடிப்பைக் கதவு நிலையில் அளக்கலாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையோ, தெரிந்த உயரமுள்ள தம்பியையோ நிறுத்தினால் பிற்பாடு அளவு விளங்கும். காணி உறுதியில் பழைய எல்லைகளும், பக்கத்துக் காணிக்காரரின் பெயர்களும் இருக்கும். அதனையும் பிரதி எடுத்து வையுங்கள். இடம்பெயர்ந்தபோது உறுதியைத் தொலைத்தவர்கள் எங்கள் தெருவில் பலர். கடைசியாக, வீட்டிலிருக்கும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடவுங்கள். இது மிக முக்கியம், இதற்குத்தான் நேரமும் அதிகம் பிடிக்கும்.

எங்கள் விறாந்தை 21 அடி 4 அங்குலம் நீளம், 7 அடி அகலம். தூண்கள் 4. சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. குறுக்களவுகளுக்கிடையில் 3 அங்குல வித்தியாசம். அதைச் சொன்னதும் உம்மும்மா, "எங்கட வாப்பா கயிறு பிடிச்சுத்தான் கட்டினவர்" என்று தன் வாப்பாவுக்காக வாதாடினார். எந்த மூலையில் யார் பாய் போட்டார்கள், எந்தத் தூணில் சாய்ந்து அவருடைய வாப்பா கணக்குப் பார்ப்பார், எந்தப் படியில் மீன்காரி கூடையை இறக்குவாள் என்று அவர் சொல்லச் சொல்லக் கீறினேன். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை ஒன்பது நாள் எடுத்தது. வாப்பா முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்தார். நாலாம் நாள் நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாஸ் வந்து, சுத்தியல் பிடியால் தூண்களைத் தட்டிப் பார்த்தார். முகப்பில் உள்ள சுண்ணாம்பு எழுத்து கழற்ற வராது, உதிர்ந்துவிடும் என்று கையை விரித்தார். ஆனால் புதிய சுவரை மூன்று அடி உள்ளே தள்ளினால் முன்னிரண்டு தூண்களை விடலாமாம். அதற்கு எவ்வளவு கூடும் என்று வாப்பா கேட்டிருக்கிறார். கணக்கு இன்னும் வரவில்லை.

நேற்று உம்மும்மா கொப்பியை வாங்கி ஆறாம் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "பானையக் காணேல்லயே?" என்றார். மறந்துதான் போயிருந்தேன். இடது பக்கம் இரண்டாம் தூணுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் கீறி, "தண்ணீர்ப் பானை" என்று எழுதினேன். சரியான இடம் அதுவல்ல, இன்னும் ஒரு சாண் சுவர்ப் பக்கமாக என்றார். அழித்துவிட்டு மறுபடியும் கீறினேன்.